வெடியொலிக் கேட்டல் இழப்பு

வெடியொலிக் கேட்டல் இழப்பு என்பது பட்டாசு, வெடிமருந்து, துப்பாக்கி முதலியவை வெடிக்கும்போது எழும் மிகக் குறுகிய, மிக உரத்த ஒலியினால் செவிக்கு ஏற்படும் பாதிப்பு ஆகும். இரைச்சல் மிகுந்த இடத்தில் பல ஆண்டுகள் பணிபுரிவோருக்குச் சிறுகச் சிறுக ஏற்படும் இரைச்சல்சார் கேட்டல் இழப்பும் இதனுடன் நெருங்கிய தொடர்புடையது. தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் ஒரே வட்டாரத்தில் இயங்குவதால், இவ்விரு வகைகளுக்கும் அங்கு வாய்ப்பு உண்டு. கேட்டல் இழப்பின் வகையையும் அளவையும் அளந்து கூறப் பயிற்சி பெற்றவர் கேட்பியலாளர் (ஆடியாலஜிஸ்ட்) எனப்படுகின்றார்.

பின்னணி

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதனைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும், பட்டாசுகளுக்கும் தீப்பெட்டிகளுக்கும் வேண்டிய வண்ணத்தாள்களை அச்சிடும் தொழிலும் வளர்ந்தன. இன்று சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய பகுதிகளில் பட்டாசு ஆலைகள் பரவியுள்ளன.

பட்டாசு உற்பத்தி பெரும்பாலும் கைத்தொழிலாகும். மருந்து செலுத்துதல், திரி வைத்தல், சரம் பின்னுதல் போன்ற வேலைகளில் தொடர் இரைச்சல் குறைவு. இங்குச் செவிக்கு இடர் விளைவிப்பவை வெடித்துப் பார்க்கும் சோதனைகளும் விபத்துகளுமே. அச்சு இயந்திரங்களின் அருகில் பணிபுரிவோருக்கு இடர், நாள்தோறும் பல மணி நேரம் கேட்கும் தொடர் இரைச்சலால் வருகின்றது.

செவியில் நிகழ்வது

உட்செவியின் நத்தை எலும்பில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. இவை ஒலியதிர்வை நரம்புக் குறிப்புகளாக மாற்றுகின்றன. மனிதரில் இக்கலங்கள் அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை.

தொடர் இரைச்சல் இக்கலங்களை மெல்லச் சிதைக்கின்றது. வெடியொலி ஒரே நொடியில் இவற்றைச் சிதைக்கக்கூடும். அண்மையில் நிகழும் பெருவெடிப்பின் அழுத்த அலை செவிப்பறையைக் கிழித்து, நடுச்செவியின் சிற்றெலும்புகளையும் இடம்பெயரச் செய்யலாம். சிறிய கிழிசல்கள் பெரும்பாலும் தாமே ஆறிவிடும். ஆனால் உட்செவியின் நிரந்தர இழப்பு அவ்வாறு மீள்வதில்லை. செவிப்பறை ஆறிய பின்னும் ஒருவருக்குச் சரியாகக் கேட்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

இரைச்சலால் வரும் இழப்பு பொதுவாக 4,000 ஏர்ட்சு அளவிலான உயர் அதிர்வெண்களில் தொடங்குகின்றது. ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிவது முதலில் கடினமாகும். ஆகவே, “பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை” என்பதே இவர்களின் முதல் முறையீடாக இருப்பது வழக்கம்.

ஒலி அளவும் சட்ட வரம்பும்

1999ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் இந்திய அரசு பட்டாசு ஒலிக்கு வரம்பு விதித்தது. இதன்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒலியளவு 125 டெசிபலை (ஏ வகை அளவீடு), அல்லது உச்ச அளவு 145 டெசிபலை (சி வகை அளவீடு) மிஞ்சக்கூடாது.

உலக சுகாதார அமைப்பு 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் வெடியொலி போன்ற ஒலிகளுக்கு உச்ச அளவாகப் பெரியவர்களுக்கு 140 டெசிபலும் குழந்தைகளுக்கு 120 டெசிபலும் பரிந்துரைத்தது. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போது ஒலியளவு 6 டெசிபல் குறையும். இக்கணக்கின்படி, சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவில் வெடிக்கும் ஒரு பட்டாசின் ஒலி பெரியவர்களுக்கான வரம்புக்குள் வர ஏறத்தாழ 7 மீட்டரும், குழந்தைகளுக்கான வரம்புக்குள் வர ஏறத்தாழ 70 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். எனவே சட்ட வரம்புக்கு உட்பட்ட பட்டாசு என்பது செவிக்குப் பாதுகாப்பான பட்டாசு என்று பொருள்படாது.

அறிகுறிகள்

* காதில் ரீங்காரம் அல்லது இரைச்சல்
* காது அடைத்தது போன்ற உணர்வு
* கூட்டத்திலும் தொலைபேசியிலும் பேச்சு புரியாமை
* தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தல்
* வெடிவிபத்திற்குப் பின் காதில் வலி, குருதிக் கசிவு, தலைச்சுற்றல்

கடைசியாகக் கூறப்பட்டவை இருப்பின் உடனடியாகக் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணவேண்டும். திடீரெனக் கேட்கும் திறன் குறைவதும் ஓர் அவசர நிலையாகும். இதற்கான மருந்துகள் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கப்பட்டால் பயன் மிகுதி. செவிப்பறை கிழிந்திருக்கும்போது காதில் எண்ணெய் ஊற்றுதல் நடுச்செவியில் தொற்றை உண்டாக்கக்கூடும்.

கேட்பியலாளர்

காது மூக்கு தொண்டை மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்தும் அறுவை சிகிச்சையும் அளிப்பவர். கேட்பியலாளர் கேட்கும் திறனை அளந்து, கருவியும் பயிற்சியும் அளிப்பவர். ஒருவரின் பணிக்கு மற்றவர் மாற்று அல்லர்.

இந்தியாவில் கேட்பியல், பேச்சு மொழி நோய்க்குறியியல் இளநிலைப் பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள் கொண்டது. 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் இத்துறையின் முன்னோடி நிறுவனமாகும். சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்திலும் இப்படிப்பு உள்ளது.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்படி கேட்பியலாளர்கள் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிவு செய்திருத்தல் வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்க இச்சட்டம் இடமளிக்கின்றது. பரிசோதனைக்குச் செல்பவர் பதிவெண்ணைக் கேட்டறியலாம்.

பரிசோதனைகள்

* தூய தொனிச் சோதனை: ஒலி புகா அறையில் 250 முதல் 8,000 ஏர்ட்சு வரையிலான தொனிகளில் ஒருவர் கேட்கக்கூடிய மிகக் குறைந்த அளவைக் காணுதல். காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் அளந்து ஒப்பிடும்போது குறை நடுச்செவியிலா உட்செவியிலா என்பது தெரியும்.
* நடுச்செவி அழுத்தச் சோதனை: செவிப்பறையின் அசைவை அளத்தல்.
* செவியொலி உமிழ்வுச் சோதனை: மயிர்க்கலங்களின் நிலையை அறிதல். பதில் சொல்ல இயலாத குழந்தைக்கும் இதனைச் செய்யலாம்.

பரிசோதனைக்கு முன் ஏறத்தாழ 14 மணி நேரம் பேரிரைச்சலைத் தவிர்த்திருத்தல் நன்று. தவறினால் தற்காலிகக் குறை நிரந்தரக் குறையாகப் பதிவாகக்கூடும்.

காதொலிக் கருவி

காதொலிக் கருவி ஒவ்வொருவரின் கேட்டல் வரைபடத்திற்கும் ஏற்ப அமைக்கப்படவேண்டியது. அளவிடாமல் விற்கப்படும் ஒலிபெருக்கிக் கருவிகள் நன்கு கேட்கும் அதிர்வெண்களையும் சேர்த்துப் பெருக்குகின்றன. இதனால் பேச்சு தெளிவாவதில்லை. அளவு மிகும்போது எஞ்சிய கேட்கும் திறனும் கெடலாம். பலர் கருவியைச் சில நாட்களில் பெட்டியில் வைத்துவிட்டு, “கருவி பயனற்றது” என்று முடிவு செய்துவிடுகின்றனர். காதுக்குறும்பி அடைப்பு போன்ற எளிதில் நீங்கும் குறைக்குக் கருவி வாங்கிவிடும் நிலையும் சோதனையின்மையால் நேர்வதே.

தொழிலாளர் உரிமை

இரைச்சலால் ஏற்படும் கேட்டல் குறைபாடு தொழில்சார் நோயாகும். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது இடம்பெற்றிருந்தது. அதற்கு மாற்றாக 21 நவம்பர் 2025 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது.

இழப்பீடு கோரும்போது கேட்டல் வரைபடம் முதன்மைச் சான்றாகும். வேலையில் சேரும்போதே ஒரு முறை சோதித்து வைத்திருந்தால், பின்னாளில் ஏற்பட்ட இழப்பு பணியால் வந்ததா, முதுமையால் வந்ததா என்பதைப் பிரித்துக் காட்டுவது எளிதாகின்றது. முந்தைய பதிவு இல்லாத தொழிலாளி தம் குறையை மெய்ப்பிக்க வழியின்றி நிற்க நேரும். வெடிபொருள் கையாளும் இடத்தில் எச்சரிக்கைக் குரலைக் கேட்க இயலாமை உயிருக்கே இடராகும் என்பதும் கருதத்தக்கது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரு செவிகளிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்புடையோர் கேட்டல் குறைவுடையோர் எனவும், 70 டெசிபல் இழப்புடையோர் காது கேளாதோர் எனவும் வகைப்படுத்தப்படுகின்றனர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காதொலிக் கருவி பெறலாம். 2022 சனவரியில் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்தின் உயர்நிலை அரசு மருத்துவமனைக்கு உரியதாகும். பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கு உட்செவிச் சுருள் பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும்.

தடுப்பு

* வெடிச் சோதனை நடத்துவோரும் அச்சு இயந்திரம் இயக்குவோரும் செவியடைப்பான் அல்லது செவிக்கவசம் அணிதல் வேண்டும். காதில் வைக்கும் பஞ்சு ஒலியை மிகச் சிறிதளவே குறைக்கும்.
* தீபாவளியின்போதும் கோயில் திருவிழா வாணவேடிக்கையின்போதும் குழந்தைகளைத் தொலைவில் நிறுத்துதல் வேண்டும்.
* இரைச்சலில் பணிபுரிவோர் ஆண்டுக்கு ஒரு முறை கேட்டல் சோதனை செய்துகொள்ளுதல் நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* செவி
* டெசிபல்
* சிவகாசி
* ஒலி மாசு