காட்டுக்கு வரும் காசு எந்த வாய்க்காலில் வருகிறது?

சேத்துமடை சோதனைச் சாவடியைத் தாண்டி டாப்சிலிப்புக்குப் போயிருப்பீர்கள். போகாதவர்கள் பொள்ளாச்சியில் நின்றாவது ஆனைமலையைப் பார்த்திருப்பீர்கள். ஆழியாற்றிலும் அமராவதியிலும் வருகிற தண்ணீர் அந்த மலைகளில் பெய்கிற மழைதான். அந்தக் காட்டைக் காவல் காக்கிற ஆளுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்? நம்ம தோட்டத்து ஓரமாக யானை அகழி வெட்ட யார் பணம் ஒதுக்குகிறார்கள்? கேட்டால், "ஃபண்டு இன்னும் வரலைங்க" என்ற பதிலோடு திரும்பியவர்கள் நம்மில் பல பேர். அந்த ஃபண்டு எங்கே புறப்படுகிறது, எங்கே நிற்கிறது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் கதை நேர்மாறாக இருந்தது. காட்டுக்கு அரசாங்கம் காசு கொடுக்கவில்லை. காடுதான் அரசாங்கத்துக்குக் காசு கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் போனது. மலை உச்சியிலிருந்து மரத்தைச் சரிவில் உருட்டி விட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப் என்ற பெயரே வந்தது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. அப்புறம் காட்டிலாகா என்றாலே கஜானாவுக்கு வரவு காட்ட வேண்டிய இலாகாதான். எத்தனை மரம் வெட்டலாம், எவ்வளவு தேறும் என்பதுதான் கணக்கு. யானைக்கும் புலிக்கும் அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது.

வெட்டி வெட்டி மலை மொட்டையான பிறகு, 1915-ல் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி இங்கே வந்தார். நடந்து போகும்போதெல்லாம் கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போட்டார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் விருப்பப்படியே அவரை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறது. டாப்சிலிப் போனால் அந்தக் கல்லறையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் அவர் வளர்த்ததும் விற்கிற மரத்தைத்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுநாள் இதே போக்குதான். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் ஆனைமலை சரணாலயமானது. அதே 1976-ல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த காட்டையும் காட்டு விலங்குகளையும் மத்திய அரசுக்கும் பங்குள்ள பொதுப் பட்டியலுக்கு மாற்றியது.

இங்கேதான் நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் டெல்லி ரோடு போடுகிறது. அதே மாதிரி தேசியப் பூங்கா என்றால் டெல்லியே முழுச் செலவையும் பார்க்கும் என்று எண்ணம். அப்படி இல்லைங்க. 1989-ல் ஆனைமலையில் கரியன்சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகிய பகுதிகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதை அறிவிப்பது மாநில அரசு. காவலர் சம்பளம் மாநில அரசுடையது. டெல்லியிலிருந்து வந்ததெல்லாம் பூங்கா வளர்ச்சி உதவி என்ற சின்ன வாய்க்கால்தான்.

பெரிய வாய்க்கால் எது? 1973 ஏப்ரல் 1-ல் தொடங்கிய புலிகள் திட்டம். முதலில் ஒன்பது காடுகளை எடுத்தார்கள். அதில் தமிழ்நாட்டுக் காடு ஒன்றுகூட இல்லை. கர்நாடகத்துப் பந்திப்பூர் இருந்தது. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நம்ம முதுமலை. யானைக்கும் புலிக்கும் அந்தக் கல் தெரியாது, பணத்துக்குத் தெரிந்தது! முதுமலையும் ஆனைமலையும் புலிகள் காப்பகம் என்ற பெயரை வாங்க 2007 ஆயிற்று. சத்தியமங்கலத்துக்கு 2013. மரமும் மலையும் அதேதான். பெயர் மாறியதும் வாய்க்கால் மாறியது.

இப்போது பங்கு பிரிப்பதைச் சொல்கிறேன். அகழி, சோதனைச் சாவடி, தடுப்பணை மாதிரி ஒரு தடவைச் செலவுகளை முன்பு மத்திய அரசே முழுக்கக் கொடுத்தது. 2015-16 முதல் நூறு ரூபாயில் அறுபதுதான் மத்திய அரசு, நாற்பது மாநில அரசு. காவலர் கூலி, தீத்தடுப்புக் கோடு மாதிரி வருஷா வருஷம் வருகிற செலவில் ஆளுக்குப் பாதி. இமயமலை மாநிலங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் தொண்ணூறு வரை டெல்லி கொடுக்கிறது. அவர்கள் வருமானம் குறைவு என்பது காரணம்.

ஏக்கர் கணக்குப் போட்டு இந்தப் பணத்தைப் பிரிப்பதில்லை. காப்பகத்தின் கள இயக்குநர் ஒவ்வொரு வருஷமும் ஒரு செயல்திட்டம் எழுதுகிறார். அது சென்னையில் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் போகிறது. அங்கிருந்து டெல்லியில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகிறது. கேட்டதெல்லாம் கிடைக்காது. வெட்டுக்குப் பின் மிஞ்சியது தவணையாக வரும். மாநிலம் தன் பங்கைப் போட்டு, முதல் தவணைக்குச் செலவுக் கணக்கும் சான்றும் கொடுத்தால்தான் அடுத்தது. பி.ஏ.பி. பாசனத்தில் நாலு மண்டலம் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களே, அந்த மாதிரி. மேல்மடையில் பலகை விழுந்தால் கடைமடை காயும். இங்கே கடைமடையில் நிற்பது வேட்டைத் தடுப்புக் காவலர். அவர்களில் நிறையப் பேர் காடர், மலசர், புலையர் சமூகத்துப் பிள்ளைகள். தீத்தடுப்புக் கோடு கோடைக்கு முன்னால் வெட்டினால்தான் பிரயோசனம். காடு எரிந்தபின் பணம் வந்து என்ன செய்ய? ஒன்பதாக இருந்த காப்பகங்கள் இப்போது ஐம்பதுக்கு மேல். 2023-24-ல் யானைத் திட்டத்தையும் இதோடு சேர்த்துவிட்டார்கள்.

வேறு இரண்டு வழியும் உண்டு. டாப்சிலிப்பில் நீங்கள் கொடுக்கிற நுழைவுச் சீட்டுக் காசு முன்பு பொதுக் கஜானாவுக்குப் போனது. 2006-ல் சட்டத்தைத் திருத்தி, காப்பகத்துக்கு ஒரு அறக்கட்டளை, காசு அங்கேயே செலவாக வேண்டும் என்றார்கள். நல்ல ஏற்பாடு. இன்னொன்று நிதிக்குழு. 2021 முதல் 2026 வரை மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது நூற்றுக்குப் பத்து மதிப்பெண் காட்டுக்கென்று வைத்தார்கள். ஆனால் அந்தப் பணம் மாநிலத்தின் பொதுக் கணக்கில் சேருகிறது. காட்டுக்கே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நமக்கு இதில் என்ன? பயிர்ச் சேதத்துக்கு எவ்வளவு என்று நிர்ணயிப்பது மாநில அரசு. அதற்கு வனச்சரகர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கணும். அகழி விஷயம் வேறு. அது அந்தச் செயல்திட்டத் தாளில் ஏற வேண்டிய சங்கதி. ஏப்ரலில் கணக்கு ஆண்டு பிறக்கிறது, தாள் அதற்கு முன்பே எழுதி முடிந்துவிடும். சித்திரையில் போய்க் கேட்டால் அடுத்த வருஷம்தான். தைப் பொங்கலுக்கு முன்னாலேயே நாலு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து, சர்வே எண், எத்தனை அடி நீளம், யானை எந்தத் தடத்தில் இறங்குகிறது என்று எழுதி வனச்சரகரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.