ஆயுளைக் குறுக்கிய கிண்ணம்

தங்கமீன் வாங்கிய பல வீடுகளில் அது ஒரு வருடம் தாண்டுவதில்லை. அதனால் அதன் ஆயுளே அவ்வளவுதான் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் 1956இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் நடந்த ஒரு கேளிக்கைச் சந்தையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன், வடக்கு யார்க்‌ஷயரில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்து 1999இல்தான் செத்தது. 43 வயது என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. கவனித்துப் பராமரிக்கும் குளங்களில் 20 ஆண்டுகளைத் தாண்டும் தங்கமீன்கள் அபூர்வம் அல்ல. ஒரே இனத்து மீன் ஓரிடத்தில் மாதக்கணக்கிலும் இன்னோரிடத்தில் பத்தாண்டுக் கணக்கிலும் வாழ்கிறது என்றால், காரணத்தை மீனின் உடலில் மட்டும் தேடிப் பயனில்லை. ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் அதை எதில் வைத்து வளர்த்தான் என்பதையும் பார்க்க வேண்டும். தங்கமீன் வளர்ப்பின் வரலாறு குளத்தில் தொடங்கித் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து கண்ணாடிக் கிண்ணத்துக்கும் நகர்ந்த வரலாறு. நாம் மீனின் ஆயுள் என்று நினைப்பது பெரும்பாலும் அந்தப் பாத்திரத்தின் ஆயுளே.

தங்கமீனின் மூதாதை கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த, சாம்பலும் பச்சையும் கலந்த நிறமுடைய ஒரு சீன நன்னீர் மீன். அதில் எப்போதாவது சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒன்று பிறக்கும். இயற்கையில் அப்படிப்பட்ட மீன் பறவையின் கண்ணில் முதலில் படும், முதலில் சாகும். சீனத்துப் பௌத்தர்கள் புண்ணியம் கருதி உயிரினங்களை விடுவிக்கும் குளங்களில் இந்த நிறமீன்களுக்கு அடைக்கலம் கிடைத்தது. சோங் வம்ச காலத்தில் (960–1279) ஆதரவு அரண்மனைக்கும் பரவியது. தெற்கு சோங் அரசின் தலைநகரான ஹாங்சோவில் பேரரசர் காவோசோங்கின் அரண்மனைக் குளத்தில் தங்கமீன்கள் வளர்ந்தன. செல்வர் வீடுகளுக்காக அவற்றை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் அந்நகரில் இருந்ததை 13ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் யுவே கே குறிப்பிடுகிறார். இந்தக் கட்டத்தில் மீனின் நிறம் மட்டுமே மாறியிருந்தது. உடல் மூதாதையின் உடல்தான், வீடும் மண்ணும் பாசியும் புழுவும் உள்ள குளம்தான்.

மிங் காலத்தில் (1368–1644) மீன் குளத்தை விட்டு வீட்டு முற்றத்துத் தொட்டிக்கு வந்தது. 1596இல் ஜாங் சியேன்டே தங்கமீனுக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை வாங்கிப் பல தொட்டிகளில் பிரித்து வளர்த்து, குறையுள்ளவற்றைக் கழித்துக்கொண்டே வந்து, தேறிய சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையை அதில் விளக்குகிறார். தொட்டிக்குள் இரை தேடி ஓட வேண்டியதில்லை, எதிரிக்குத் தப்ப வேண்டியதில்லை. குளத்தில் ஒரு நாள்கூடத் தாங்காத உடற்குறைகள் அங்கே பிழைத்தன. இரட்டை வால், உருண்டை உடல், பிதுங்கிய கண், முதுகுத் துடுப்பே இல்லாத முதுகு ஆகியவை நிலைபெற்றதற்குத் தொட்டி வளர்ப்பே வழிவகுத்தது என்று 20ஆம் நூற்றாண்டின் சீன மரபியலாளர் சென் ஜென் வாதிட்டார். இரட்டை வாலுக்குக் காரணம் கார்டின் என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு பிறழ்வு என்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, பாத்திரம் மீனின் ஆயுளை வெளியிலிருந்து மட்டும் தொடவில்லை. உடல் நெருக்கப்பட்டு, காற்றுப்பை கோணிப்போன வகைகளை உருவாக்கி, உள்ளிருந்தும் ஆயுளைக் குறைத்தது. நீண்ட உடலுடைய சாதாரண வகை உருண்டை வகைகளைவிடப் பொதுவாகக் கூடுதல் காலம் வாழ்வதை வளர்ப்பவர்கள் அறிவார்கள்.

ஆனால் தொட்டி மட்டுமே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானின் யமாட்டோ கோரியமா இதற்குச் சான்று. 1724இல் யானகிசாவா என்ற சிற்றரசர் குடும்பம் காய் மாகாணத்திலிருந்து அங்கே மாற்றப்பட்டபோது தங்கமீனும் உடன் வந்ததாக அவ்வூர் மரபு சொல்கிறது. வருமானம் போதாத கீழ்நிலைச் சாமுராய்கள் அதைப் பக்கத் தொழிலாகக் கொண்டார்கள். அந்தப் பகுதியில் நிறைந்திருந்த பாசன ஏரிகளின் நீரில் பெருகும் நுண்ணுயிர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாயின. சமவெளியில் பரந்த குளங்களே இத்தொழிலின் முதல். 1748இல் அச்சான ‘கிங்யோ சொடாதெகுசா’ என்ற நூல் வளர்ப்பு நுணுக்கங்களைப் பொதுமக்களுக்குக் கொண்டுசென்றது. இதே காலத்து எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) கோடையில் வீட்டு இறவாரத்தில் கண்ணாடி உருண்டையைத் தொங்கவிட்டு அதற்குள் மீனை நீந்தவிடும் வழக்கமும் பரவியது. வளர்ப்பதற்குக் குளம், வேடிக்கைக்குக் கண்ணாடி என்ற பிரிவினை அங்கேயே தெரிகிறது.

ஐரோப்பாவில் இந்தப் பிரிவினை மறைந்து வேடிக்கைப் பாத்திரமே நிரந்தர வீடானது. 17ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த மீன், 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் செல்வர்களின் மோகமானது. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் பூனை தங்கமீன் தொட்டியில் மூழ்கிச் செத்ததை வைத்து 1747இல் தாமஸ் கிரே ஒரு கவிதையே எழுதினார். அது சீனப் பீங்கான் தொட்டி. வால்போலின் தோட்டத்தில் தங்கமீனுக்கெனக் குளமும் இருந்தது. ஆனால் குளம் வெட்ட இடமில்லாத வீடுகளுக்குக் கண்ணாடிக் கிண்ணம் போதுமானதாகத் தோன்றியது. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன்கள் பெரிதாகவும் பல வண்ணமாகவும் தெரிவதை 1789இல் வெளியான தம் நூலில் இயற்கையியலாளர் கில்பர்ட் வைட் ரசித்து எழுதுகிறார். கண்ணுக்குத் தெரிந்த தீனி எதுவும் இல்லாமலேயே அவை நெடுநாள் இருப்பதையும் அவர் கவனித்தார். ‘ஒன்றும் தேவைப்படாத உயிர்’ என்ற பெயரைத் தங்கமீனுக்கு வாங்கித் தந்தவை இத்தகைய கவனிப்புகளே.

உண்மையில் அதற்குத் தேவை அதிகம். தங்கமீன் தன் கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே நீரிலேயே விடுகிறது. குளத்தில் மண்ணிலும் கல்லிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன, தாவரங்கள் உறிஞ்சுகின்றன. கிண்ணத்தில் பாக்டீரியாவுக்கு இடமில்லை, குறுகிய வாய் வழியே நுழையும் ஆக்சிஜனும் குறைவு. 1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இரண்டு தங்கமீன்களோடு நீர்த்தாவரமும் நத்தைகளும் வைத்து நீரை மாற்றாமலேயே ஓர் ஒழுங்கு அமைவதைக் காட்டினார். இன்றைய மீன்தொட்டிக் கலையின் தொடக்கங்களில் ஒன்று அது. எந்த மீனுக்காக அந்த உண்மை கண்டறியப்பட்டதோ அந்த மீனே கிண்ணத்தில் விடப்பட்டது இத்தொழிலின் விசித்திரம். மலிவான மீனுக்குச் சந்தையில் பரிசுப்பையும் கிண்ணமுமே போதும் என்று வியாபாரம் முடிவு செய்திருந்தது.

கிண்ணம் அவ்வளவு கொடியது என்றால் அதில் இரண்டு, மூன்று ஆண்டு வாழும் மீன்கள் எப்படி என்று கேட்கலாம். அது கிண்ணத்தின் தகுதி அல்ல, மீனின் தாக்குப்பிடிக்கும் ஆற்றல். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அற்றுப்போனாலும் தங்கமீன் சில நாள் பிழைத்திருக்கும். உடலில் தேங்கும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றும் அதன் திறனை 1980இல் ஆய்வாளர்கள் ஷூப்ரிட்ஜும் ஹோசாச்காவும் வெளிப்படுத்தினார்கள். உறைந்த குளங்களுக்கு அடியில் குளிர்காலத்தைக் கடக்க உருவான இந்த ஆற்றல், கிண்ணத்தில் மெதுவாகச் சாகும் நேரத்தை நீட்டித் தருகிறது. கிண்ணத்தின் அளவுக்கேற்ப மீன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்டதே. 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய மீன் விரலளவில் நிற்பது நீரின் சீர்கேட்டால் வந்த குறை.

நீண்ட ஆயுள் பற்றிய கதைகளே நம்பத்தகாதவை என்ற மறுப்புக்கு வலு உண்டு. ஜப்பானில் 1977இல் செத்த ஹனாகோ என்ற வண்ணக்கெண்டைக்குச் செதில் வளையங்களை எண்ணி 226 வயது என்றார்கள். மரத்தைப் போலவே மீனின் செதிலிலும் பருவத்துக்கேற்ப வளையம் விழும் என்றாலும், முதிய மீனில் அவை நெருங்கிக் குழம்புவதால் அந்தக் கணக்கை ஏற்பதற்கில்லை. வளர்ந்துகொண்டே இருக்கும் மீனுக்கு முதுமை கிடையாது என்று 1930களில் உயிரியலாளர் ஜார்ஜ் பிடர் முன்வைத்த கருத்தும் நிற்கவில்லை. கப்பி மீன்களை வைத்து முதுமை ஆய்வாளர் அலெக்ஸ் கம்ஃபர்ட் அவையும் மூப்படைந்தே சாகின்றன என்று காட்டினார். தங்கமீனும் மூப்படைகிறது. டிஷ்ஷின் ஆரஞ்சு நிறம் வயதேற ஏற வெள்ளியாக வெளுத்தது. ஆனால் 43 என்ற எண் செதிலிலிருந்து எடுத்ததல்ல, மீன் வீட்டுக்கு வந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டது. அது சராசரி ஆயுளைச் சொல்லவில்லை. இந்த உடலால் எட்ட முடிந்த தூரம் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குகூட எட்டாமல் சாகும் மீன்களை மூப்பால் செத்தவை என்று சொல்ல வழியே இல்லை.

சட்டங்கள் இதை ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டன. இத்தாலியின் மோன்சா நகரம் 2004இலும் ரோம் 2005இலும் வட்டக் கிண்ணத்தில் மீன் வைப்பதைத் தடை செய்தன. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், துணையின்றி வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உயிரினங்களைப் பரிசாகக் கொடுப்பதைத் தடுத்தது. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரில் மீன் வாங்கும் நமக்கு ஒரு கூடுதல் கவலை உண்டு. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், குளிர்நீர் மீனுக்கு நம் கோடை கடினம். ஆகவே வாயகன்ற பெரிய தொட்டி, வடிகட்டி, வாரந்தோறும் ஒரு பகுதி நீர்மாற்றம், நிழலான இடம் ஆகியவற்றை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு மீனைப் பிறகு வாங்குங்கள். அதற்கு வழியில்லை என்றால் வாங்காமல் இருப்பதே முறை.