மாதச் சம்பளமும் வாடகை வீடுகளும்: அறிந்திருக்க வேண்டிய விடயங்கள்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி நாட்டின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. நிலையான வைப்பில் வாழ்நாள் சேமிப்பை இட்டுவைத்திருந்த ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஓய்வூதியரும் தமது பணத்தின் பெறுமதி கரைந்து செல்வதைச் செய்வதறியாது பார்த்திருந்தனர். அந்த அனுபவத்தின் பின்னர், தொழிலில் இருக்கும்போதே ஒன்றிரண்டு வீடுகளைத் தேடி வாடகைக்கு விட்டால் பிற்காலத்துக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்ற எண்ணம் நமது மத்தியில் மேலும் வலுப்பெற்றுள்ளது. எண்ணம் தவறானதல்ல. ஆனால் வீடு வைத்திருப்பது வேறு, வீட்டிலிருந்து வருமானம் பெறுவது வேறு என்பதைப் பலர் உறுதி எழுதி முடித்த பின்னரே உணர்கின்றனர்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ 2 கோடி ரூபாவுக்கு ஒரு தொடர்மாடி வீடு வாங்கப்பட்டு, மாதம் 70,000 ரூபா வாடகைக்கு விடப்படுவதாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் 840,000 ரூபா, அதாவது முதலீட்டின் 4.2 சதவீதம். இதிலிருந்து சோலைவரி, முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்குச் செலுத்தும் பராமரிப்புக் கட்டணம், வீடு வெறுமையாகக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். இந்த விலையில் பாதியை, அதாவது 1 கோடி ரூபாவை, 12 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை மட்டும் ஏறத்தாழ 120,000 ரூபா. வாடகை தவணையில் அறுபது சதவீதத்தைக்கூட எட்டாது. எஞ்சியது சம்பளத்திலிருந்தே செல்ல வேண்டும்.

வட்டி மாறும் கடனாயின் நிலைமை இன்னும் கடினம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மேற்சொன்ன கடனுக்கு வட்டி 20 சதவீதமானால் தவணை 175,000 ரூபாவைத் தாண்டும். வாடகையாளரோ உடன்படிக்கைப்படி அதே 70,000 ரூபாவைத்தான் தருவார். எனவே கடனுறுதிப் பத்திரத்தில் வட்டி எத்தனை ஆண்டுகளுக்கு நிலையானது, பின்னர் எந்த வீதத்தைப் பின்பற்றி மாறும் என்ற இரண்டு வரிகளையும் கையொப்பத்துக்கு முன்னர் வாசித்தல் அவசியம். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வாசகர்களுக்கு, வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக ஆதனத்தை வாங்கி, வங்கியின் பங்குக்கு வாடகை செலுத்தியவாறே அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் குறைந்துசெல்லும் முஷாரகா முறை உண்டு. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதன் பின்னர் இத்தகைய சேவைகளுக்கு வழி பிறந்தது. 2011 இல் அமானா வங்கி தனி வங்கியாகவே இயங்கத் தொடங்கியது. இங்கும் வாடகை வீதம் மீளாய்வு செய்யப்படும் காலத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

எமது அபிப்பிராயத்தில், மாதச் சம்பளம் பெறுவோருக்கு ஏற்ற முதற்படி தூரத்துத் தொடர்மாடி அன்று. தாம் வசிக்கும் வீட்டின் மேல்மாடியோ பின்வளவில் அமைக்கும் அனெக்ஸோதான். காணிக்குப் புதிதாகப் பணம் தேவையில்லை. 60 இலட்சம் ரூபா செலவில் இரு சிறு குடியிருப்புகளை அமைத்து ஒவ்வொன்றையும் மாதம் 30,000 ரூபாவுக்கு விட முடிந்தால், செலவிட்ட பணத்துக்கு 12 சதவீதம் கிடைக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை அண்டிய திருநெல்வேலி, கொக்குவில் பகுதிகளிலும் பேராதனையைச் சூழவும் மாணவருக்கும் இளம் விரிவுரையாளருக்கும் அறைகள் விடும் குடும்பங்கள் இதனை நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. வேலை முடிந்து வரும்போதே குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிடலாம் என்பது சிறிய நன்மையல்ல. உள்ளூராட்சி மன்றத்தின் கட்டட அனுமதியும், வேலை முடிந்ததும் பெறவேண்டிய இணக்கச் சான்றிதழும், ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி மின்மானியும் நீர்மானியும் இருத்தல் வேண்டும். மின்பட்டியலைப் பங்கிடுவதில் தொடங்கி நீதிமன்றம் வரை சென்ற பிணக்குகள் ஏராளம்.

வீட்டை வாடகைக்கு விடப் பெற்றோர் அஞ்சிய தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையாளருக்கு விரிவான பாதுகாப்பை வழங்கியது. அடுத்த ஆண்டே வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், பிள்ளைகளில்லாத தனிநபர் இரண்டு வீடுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாதென வரையறுத்தது. கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் சொற்ப வாடகைக்கு விடப்பட்ட வீடுகளும் கடைகளும் தலைமுறை தாண்டியும் உரிமையாளர் கைக்குத் திரும்பவில்லை. 1980, 2002 ஆம் ஆண்டுத் திருத்தங்கள் வாடகைச் சட்டத்தின் பிடியைத் தளர்த்தின. ஆயினும் பழைய வாடகையாளர் குடியிருக்கும் கட்டடம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க முற்படுவோர், அவர் எந்த ஆண்டு, எந்த நிபந்தனையில் குடிவந்தார் என்பதைச் சட்டத்தரணியைக் கொண்டு ஆராயாது முற்பணம் கொடுத்தலாகாது. மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் அவரே.

இன்று உரிமையாளருக்குள்ள பலமான கருவி எழுத்திலான குத்தகை. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் கைச்சாத்திடப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் ஒப்பமிட்டுக்கொள்வது இதற்கு ஈடாகாது. குத்தகைக்குக் கொடுத்த இடங்களின் உடைமையை மீளப் பெறுதல் தொடர்பான 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு உறுதியாக எழுதப்பட்ட குத்தகை முடிந்தும் வெளியேறாதவருக்கு எதிராகச் சுருக்க நடைமுறையில் வழக்குத் தொடர வழி செய்துள்ளது. நொத்தாரிசுக் கட்டணத்தை மீதப்படுத்த நினைப்பவர் இந்த வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார். குத்தகையில் காலம், வாடகை, ஆண்டு உயர்வு, முற்பணம், திருத்த வேலைகளின் பொறுப்பு, மீள்குத்தகைக்குத் தடை ஆகியன தெளிவாக இருக்கட்டும். வாடகையை வங்கிக் கணக்குக்கே பெறுங்கள். அதுவே ஆண்டுக் கணக்குக்கும் வழக்குக்கும் சான்று.

வாங்கும் காணியின் உரித்தைப் பற்றிச் சுருக்கமாக. காணிப் பதிவகத்தில் 30 ஆண்டு ஏடுகளைத் தேடுவித்து வில்லங்கம் பார்த்தல் வழமை. தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின், 1947 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முன்வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டதா எனப் பாருங்கள். வன்னியிலும் கிழக்கிலும் அரச அனுமதிப்பத்திரக் காணிகளைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. களனி கங்கையோரம் வாங்குவோர் 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளில் நீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றதென்று அயலவரைக் கேட்டால் போதும்.

வரி விடயத்தில் சம்பளக்காரர் பலர் ஏமாறுகின்றனர். சம்பளத்தில் வரி கழிக்கப்படுவதால் தமது கடமை முடிந்ததென எண்ணுகின்றனர். வாடகை சம்பளத்துடன் சேர்த்தே கணிக்கப்படும். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் விலக்கு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்தடுத்த 5 இலட்சங்களுக்கு 18, 24, 30 சதவீதம், மீதிக்கு 36 சதவீதம். வாடகையில் 25 சதவீதம் திருத்த, பராமரிப்புச் செலவுகளுக்குப் பதிலாகக் கழிக்கப்படும். மாதம் 250,000 ரூபா சம்பளமும் 60,000 ரூபா வாடகையும் பெறுபவர், வாடகைக்காக மட்டும் ஆண்டுக்கு 111,600 ரூபா செலுத்த நேரிடும். அதாவது ஏறத்தாழ இரண்டு மாத வாடகை. வருமான விவரத்திரட்டு நவம்பர் 30 க்கு முன்னர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சேர வேண்டும். கொழும்பு மாநகர சபையின் சோலைவரியை ஆண்டு முழுவதற்கும் ஜனவரி 31 க்குள் செலுத்தினால் 10 சதவீதக் கழிவு உண்டு. முஸ்லிம் வாசகர்களைப் பொறுத்தவரை, வாடகைக்கு விட்ட வீட்டின் பெறுமதிக்கன்றி, சேர்ந்து நிற்கும் வாடகைப் பணத்துக்கே ஸகாத் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து.

வாடகையாளரைத் தெரிவு செய்வதில் ஒரு வார்த்தை. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் பெயரைக் கேட்டதும் "வீடு கொடுத்தாயிற்று" என்ற பதிலை முஸ்லிம் குடும்பங்கள் கேட்டன. அந்தக் கதவுகளுக்கு வெளியே நின்றவர்கள் இன்று வீட்டுச் சொந்தக்காரராகும்போது ஊரையும் மதத்தையும் சாதியையும் விசாரிப்பது வெட்கத்துக்குரியது. அதனால் பயனும் இல்லை. அடையாள அட்டைப் பிரதி, தொழில் வழங்குநரின் கடிதம், முன்னைய வீட்டுக்காரருடன் ஐந்து நிமிடத் தொலைபேசி உரையாடல் ஆகிய மூன்றும் வேண்டிய அனைத்தையும் சொல்லிவிடும்.

இரண்டாவது வீட்டுக்கு அவசரம் வேண்டாம். முதல் வீட்டில் ஒரு வாடகையாளர் சென்று மற்றொருவர் வந்த பின்னரே அதன் உண்மையான செலவு தெரியவரும். ஆறு மாதத் தவணைக்குச் சமமான பணம் தனியே இருத்தல் நல்லது. குடியிருக்கும் வீட்டை ஈடுவைத்து அடுத்ததை வாங்குவதை எவ்வகையிலும் பரிந்துரைக்க முடியாது.

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கென வீடு கட்டி, திருமணம் வரை வாடகைக்கு விடுவது பரவலான வழக்கம். அத்தகைய வீட்டின் உறுதி எவர் பெயரில் இருக்கிறதோ அவரே குத்தகையில் கைச்சாத்திட வேண்டும். மகளின் பெயரில் எழுதிய வீட்டுக்குத் தந்தை ஒப்பமிட்டால் பிணக்கின்போது அது நிற்காது. குத்தகை முடியும் நாளைத் திருமணத்துக்கு ஆறு மாதங்கள் முந்தியதாக வைத்து, நீடிப்பு இல்லையென்பதை வாடகையாளருக்குத் தொடக்கத்திலேயே எழுத்தில் தெரிவித்துவிட்டால், அவரும் உரிய காலத்தில் வேறு வீடு தேடிக்கொள்வார், வர்ணம் பூசவும் நேரம் கிடைக்கும்.