பாம்பு போன தடம், டவர் போன தடம்

கொடுமுடியில் காவிரி கிழக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஆவுடையார்பாறைப் பக்கம், பவானியில் புறப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் நொய்யலில் போய் விழுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாய்க்கால். நீளம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இரண்டு முனைகளையும் நேர்க்கோட்டில் அளந்தால் அதில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட வரும். மீதியெல்லாம் வளைவு.

ஏன் இத்தனை வளைவு என்று கேட்டால் எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். காலிங்கராயனுக்கு வழி காட்ட ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து போனதாம். அது போன தடத்திலேயே வாய்க்கால் வெட்டினார்களாம். பொறியியல் படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்தப் பாம்புக்குச் சரிவு தெரிந்திருக்கிறது. மேட்டைச் சுற்றிக்கொண்டு, மட்டம் குறையாமல், தண்ணீர் தானாக நகரும்படி போயிருக்கிறது.

இன்று அதே நிலத்தின் மேல் இன்னொரு கோடு போகிறது, மின்கம்பி. அதற்குச் சரிவைப் பற்றிக் கவலை இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கனமான டவர் நிறுத்த வேண்டும், செலவு கூடும். அதனால் முடிந்தவரை நேராகப் போகப் பார்க்கும். கிணறு, தென்னந்தோப்பு, சாளை எது குறுக்கே வந்தாலும் சரி.

இந்தக் கோடுகளை ஒரு திறந்த வரைபடத்தில் ஏற்றும் வேலையைத் தன்னார்வலர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. அங்கே அரசு நில அளவைத் துறையின் வரைபடத் தரவைக் காசு கொடுத்தும் நிபந்தனையோடும்தான் வாங்க முடியும் என்ற எரிச்சலில் பிறந்தது. யாரும் வரையலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். 2010 இறுதியில் பிங் தன் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைய அனுமதி தந்தபின், வீட்டில் உட்கார்ந்தபடியே டவர்களை எண்ண முடிந்தது.

டவரை மேலிருந்து பார்த்தால் தெரியாது. இரும்புச் சட்டம் மண் நிறத்தில் கரைந்துவிடும். நிழல்தான் காட்டிக்கொடுக்கும். காலையில் எடுத்த படமென்றால் மேற்கே ஒரு மெல்லிய வலை விழுந்திருக்கும். அதைப் பிடித்து, அதன் அடியில் ஒரு புள்ளி. அடுத்த நிழலைத் தேடு, அடுத்த புள்ளி. தென்னந்தோப்பு வந்தால் இன்னும் சுலபம், மரம் வெட்டிய பாதை தலை வகிடு மாதிரித் தெரியும். எத்தனை கிலோவோல்ட் என்று அறிய நேரில்தான் போக வேண்டும். தொங்கும் பீங்கான் வட்டுகளை எண்ணினால் ஓரளவு பிடிபடும். 110-க்கு எட்டு போல, 230-க்குப் பதின்மூன்று பதினான்கு, 400 என்றால் இருபதுக்கு மேல்.

காற்றாலை வரைவது விளையாட்டு போல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு நேரே பல்லடம், கேத்தனூர், பூளவாடி, உடுமலை என்று காத்தாடிகள் நிற்கின்றன. ஆடி மாதம் அந்தப் பக்கம் பைக்கில் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செம்மண் தடம் ஒன்று பிரிந்து போய் ஒரு சிறு சதுரத்தில் முடிந்தால் அங்கே காத்தாடி. மூன்று இறக்கை நிழல் கூடவே கிடக்கும். தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் வந்தது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். இப்படித் தன்னார்வலர்கள் வைத்த புள்ளிகளைத் திரட்டித்தான் 2020-ல் இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் உலகக் காற்றாலை, சூரிய மின் பண்ணைகளின் இருப்பிடத் தொகுப்பொன்றை வெளியிட்டார்கள்.

இதெல்லாம் நம் நாட்டில் பகிரங்கமாகக் கிடைத்த தகவல் இல்லை. வரைபடம் இங்கே எப்போதும் ஆள்பவர் கையில்தான் இருந்தது. 1767-ல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியா கம்பெனிக்காக அளந்தது. லாம்டன் 1802-ல் பரங்கிமலையில் அடிக்கோடு இட்டு, நான்கு வருடத்தில் கோவைப் பக்கமும் வந்து அளந்தார். நிலத்தின் சொந்தக்காரர்கள் கண்டதெல்லாம் கொடியும் கண்ணாடிக் குழலும்தான், காகிதம் கண்ணில் பட்டதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2005 தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசையே கொண்டுவந்தது. அதன் ஆங்கிலச் சுருக்கமும் ஓஎஸ்எம்தான், வேடிக்கை! பாதுகாப்பு கருதிச் சில இடங்களைக் காட்டக்கூடாது என்ற நிபந்தனை அதற்கு. 2021 பிப்ரவரியில்தான் விதிகள் பெரிதாகத் தளர்ந்தன. மின்கம்பியை வரைந்தால் ஆபத்தில்லையா என்று இப்போதும் கேட்கிறார்கள். பனைமரத்தைப் போலப் பல மடங்கு உயரமாக நிற்பதை யாரிடமிருந்து மறைப்பது?

கொங்கு மண்ணுக்கு மின்சாரத்தோடு பகை கிடையாது, நேர்மாறு. 1932-ல் பைகாராவிலிருந்து கரண்ட் வந்ததால்தான் கோவையில் பஞ்சாலைகள் வரிசைகட்டின. கமலை ஏற்றம் போய் மோட்டார் வந்தது. அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் வந்து கோவையை அடைத்தன. கரண்ட் வேண்டும் என்று உயிர் கொடுத்த ஊர் இது.

அதே ஊர்க்காரர்கள் 2018 டிசம்பரில் உயர்மின் கோபுரம் வேண்டாம் என்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் நிலையத்துக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் தடம், 1,700 கிலோமீட்டருக்கும் மேல், 6,000 மெகாவாட். அங்கிருந்து திருச்சூருக்கு இன்னொன்று. கூடவே வேறு லைன்களும். 800 கிலோவோல்ட் லைன் போகும் பாதையின் அகலம் மட்டும் 69 மீட்டர். நிலத்தை அரசு கையகப்படுத்துவதில்லை, பட்டா உங்கள் பேரிலேயே இருக்கும். ஆனால் அதில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. விற்கப் போனால் பாதி விலை கேட்பான். 2015-ன் மத்திய அரசு வழிகாட்டுதல்படி கம்பிக்கு அடியிலுள்ள நிலத்துக்கு அதிகபட்ச இழப்பீடு மதிப்பில் 15 சதவீதம். (2024-ல் 30 ஆக்கினார்கள்.) டவர் நட அதிகாரம் தருவது 1885-ன் தந்திச் சட்டம். தந்தி சேவையே 2013-ல் நின்றுவிட்டது, அந்தச் சட்டத்தின் அதிகாரம் மட்டும் நிற்கவில்லை.

கொடுமுடிக்கு மேற்கே ஒரு தோட்டத்தோரம் நின்று பீங்கான் வட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கையில் போன். ஒரு அம்மா வந்தார்.

"ஏனுங் தம்பி, மறுக்காவும் அளக்க வந்துட்டீங்களாக்கும்?"

"இல்லீங்கம்மா. லைன் எங்க போகுதுன்னு மேப்புல போடறோமுங்க. யாரு வேணா பாக்கலாம்."

"அதைய லைன் போடறதுக்கு மிந்தியல்ல போட்டிருக்கோணும்."

எனக்குப் பதில் இல்லை. எங்கள் விதியே அதுதான்: தரையில் இருப்பதைத்தான் வரையலாம். திட்டத்திலிருக்கும் லைனை அலுவலக வரைபடத்திலிருந்து பார்த்து எழுதினால் காப்புரிமை மீறல். அந்த அம்மாவுக்குத் தன் நிலத்தில் லைன் வருவது தெரிந்தது, வரப்பில் யாரோ சிவப்பு மையில் எண் எழுதிய கல்லை நட்டபிறகு. வரைபடம் அதற்கு முன்பே எங்கோ ஒரு மேசையில் இருந்திருக்கிறது. எங்கள் வரைபடம் கான்கிரீட் காய்ந்தபிறகு வருகிறது.

இருந்தாலும் போனில் அவருக்குக் காட்டினேன். அவருடைய தோட்டம், அதைத் தாண்டி அடுத்த டவர், அதற்கடுத்தது. பேரன் பக்கத்தில் வந்து நின்று விரலால் தள்ளிக்கொண்டே போனான். புகளூரிலிருந்து மேற்கே போகும் லைனைக் கண்டுபிடித்துக் கேரள எல்லை வரை கொண்டுபோனான். பாலக்காட்டைத் தாண்டி வடக்கஞ்சேரியில் டவர்கள் முடிந்துவிட்டன.

"அண்ணா, இங்க லைனக் காணோம்."

அங்கிருந்து திருச்சூர் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் பூமிக்கடியில் போகிறது என்றேன். தேசிய நெடுஞ்சாலையோரமாகக் கேபிள் புதைத்திருக்கிறார்கள். நிழலே விழாது, படத்தில் பார்த்து வரைய வழியில்லை. ரோட்டோரம் புதைத்துக்கொண்டு போங்கள் என்றுதான் இங்கேயும் 2018-ல் கேட்டார்கள். செலவு பல மடங்கு, தொழில்நுட்பச் சிக்கல் என்று பதில் வந்தது.

அம்மா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டவர் நின்றுபோன அந்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டார். படம் நகர்ந்து எங்கோ போய்விட்டது.

"அங்க மட்டும் எப்பிடிங் தம்பி முடிஞ்சுது?"