பாஸ்டன் நகரத்து மூவடுக்கு மனைகள்

தாம் குடியிருக்க ஒரு பகுதியும் வாடகைக்கு விட இரண்டொரு பகுதியுமாக வீடெடுத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. இவ்வழக்கம் ஓர் அயல்நாட்டில் வறிய குடியேறிகளை எங்ஙனம் மனையுடையாராக்கிற்று என்பதையும், அது சட்டத்தால் எவ்வாறு தடுக்கப்பட்டது என்பதையும் நம் சங்கத்து அன்பர்கள் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதலுற்றோம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்துத் தலைநகர் பாஸ்டன். 1889 முதல் அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கவே, டார்செஸ்டர் முதலிய புறப்பகுதிகளின் மனைகள் தொழிலாளர் கைக்கு எட்டின. ஆங்கெழுந்தவையே மூவடுக்கு மரவீடுகள். ஒடுங்கிய மனை, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளங்கள், தளத்திற்கொரு குடும்பம், குடும்பத்திற்கொரு அடுக்களை, முன்னும் பின்னும் தாழ்வாரம். ஒரே அடித்தளமும் ஒரே கூரையும் மூன்று குடிகட்குப் போதுமாதலின் செலவு சுருங்கிற்று. நாற்புறமும் சாளரம் வைக்க இடமிருந்தமையால், நியூயார்க் நகரத்து இருட்டறைக் குடியிருப்புகளினும் இவை மேலானவை.

ஐரிஷ்காரரும் யூதரும், வூஸ்டர் நகரில் சுவீடன் நாட்டாரும், கடன்பட்டு இத்தகைய வீட்டை வாங்கி, ஒரு தளத்தில் தாமிருந்து, மற்றை இரண்டின் வாடகையாற் கடனை அடைத்தனர். சிலர் ஒரு தளத்தை மணமான மகளுக்கோ முதிய பெற்றோருக்கோ கொடுத்தலுமுண்டு. மேல்தளத்துக் குழந்தைகளின் காலோசை கீழுள்ளார் தலையில் விழுமென்பது மெய்யே. குடியொன்று பெயர்ந்தால் தவணை தவறுமென்னும் அச்சமும் உரிமையாளரை விட்டகலாது. வீட்டுக்காரராதல் எந்நாட்டிலும் எளிதன்று!

இவ்வீடுகட்குப் பகைவர் பலராயினர். மரவீட்டிற்குத் தீயாற் கேடுண்டென்றனர். அது பொய்யன்று, 1908-இல் அண்மையிலுள்ள செல்சி நகரின் பெரும்பகுதி எரிந்தொழிந்தது. ஆயினும் 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தை நோக்குமின். அதனை ஏற்கும் ஊர்களில், தரைத்தளத்தை ஒன்றெனக் கொண்டு இரண்டாம் தளத்திற்குமேற் சமையல் செய்யும் மரக்குடியிருப்புக் கட்டலாகாது. மூன்றாம் குடி அடுப்பு மூட்டலாகாதெனின் மூன்றாம் வாடகை யாண்டையது? வீட்டின் பெயர் கூறாமலே அதனை விலக்கிய சூழ்ச்சி இது. மூவடுக்கைத் தீங்கென்று எழுதிய பிரெஸ்காட் ஹால் என்பார், 1894-இல் குடியேற்றத் தடைக் கழகம் நிறுவினோருள் ஒருவர். தீயைக் காரணங் காட்டியோரனைவரும் தீயை மட்டுமே அஞ்சினாரல்லர் என்பது எம் துணிபு.

1920-களில் வந்த மனைப்பகுப்பு விதிகளும் சேர, 1930-ஐ ஒட்டி இவ்வீடுகள் எழுதல் ஏறக்குறைய நின்றது. முன்னெழுந்தவற்றுள் ஆயிரக்கணக்கானவை இன்றும் குடிகளோடு விளங்குகின்றன. ஆற்றின் மறுகரையிலுள்ள கேம்பிரிட்ஜ் நகரவை, 2025-இல், நகரெங்கும் நான்கு தளம் வரை பலகுடி வீடுகள் கட்ட இசைந்தது.