கதவைத் தட்டினவங்க எங்கே போனாங்க? கிறிஸ்துமஸ் வழக்கங்கள் பிறந்த கதை

இந்த எபிசோடை ஒரு அபராதத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

வருஷம் 1659. இன்னைக்கு அமெரிக்காவில் இருக்கும் மாசச்சூசெட்ஸ், அப்போ ஒரு இங்கிலீஷ் காலனி. அங்கே ஒரு சட்டம் வருது. கிறிஸ்துமஸ் அன்னைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தாலோ, விருந்து சாப்பிட்டுக் கொண்டாடினாலோ 5 ஷில்லிங் அபராதம். சட்டம் போட்டது வேறு மதத்துக்காரங்க இல்லைங்க. பியூரிட்டன்கள். பைபிளை வரிக்கு வரி பின்பற்றணும்னு சொன்ன, ரொம்பத் தீவிரமான கிறிஸ்தவர்கள். 1681 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது.

இதுக்கு முன்னாடியே, 1647-ல், இங்கிலாந்துப் பாராளுமன்றமும் கிறிஸ்துமஸை ரத்து பண்ணியிருந்தது. அந்த வருஷ டிசம்பர்ல கேன்டர்பரி ஊர்ல, "கடையைத் திறந்து வைங்க, இன்னைக்குச் சாதாரண நாள்தான்"னு மேயர் சொல்லப்போய், பெரிய கலவரமே வெடிச்சது.

சரி, கிறிஸ்தவர்களே ஏன் கிறிஸ்துமஸைத் தடை பண்ணணும்?

முதல் காரணம் நேரடியானது. இயேசு பிறந்த தேதி பைபிள்ல இல்லை. டிசம்பர் 25 என்கிற தேதி நமக்குக் கிடைப்பது 4-ம் நூற்றாண்டு ரோமாபுரியில், 354-ம் வருஷத்தைச் சேர்ந்த ஒரு காலண்டர் தொகுப்புல. பைபிள்ல இல்லாத பண்டிகை எதுக்குன்னு பியூரிட்டன்கள் கேட்டாங்க.

இரண்டாவது காரணம்தான் சுவாரசியம். அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் இப்ப மாதிரி வீட்டுக்குள்ள நடக்கலை. தெருவுல நடந்தது.

டிசம்பர்ல வட ஐரோப்பா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அறுவடை முடிஞ்சாச்சு. குளிர் காலத்துக்காக ஆடு மாடு வெட்டியதால கறி தாராளம். புது பீர் தயார். வயல்ல வேலை குறைவு. பண்ணை ஆட்கள் கூட்டமாச் சேர்ந்து, பாடிக்கிட்டே பண்ணையார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. இதுக்கு வாசெய்லிங்னு பேர். "உங்க வீட்டுல இருக்கிறதிலேயே நல்ல சாப்பாட்டையும் நல்ல மதுவையும் எடுத்து வைங்க"ன்னு கேட்பாங்க. கிடைச்சா வாழ்த்து. கிடைக்காட்டி வசவு, சில சமயம் அதுக்கும் மேல. வருஷம் முழுக்கக் கைகட்டி நின்னவன், அந்தச் சில நாள் மட்டும் உரிமையோட கேட்கலாம். பண்ணையாரும் கொடுப்பார். குடி, கூச்சல், சண்டை எல்லாமே அதுல உண்டு. பியூரிட்டன்களுக்கு ஏன் எரிஞ்சதுன்னு இப்போ புரியும்.

இப்போ ஒரு 150 வருஷம் தாண்டி நியூயார்க் போவோம்.

1800-ல் அந்த ஊர்ல சுமார் 60,000 பேர். 1830-ல் 2 லட்சம் பேர். கிராமத்துல கதவைத் தட்டினவன் யாருன்னு பண்ணையாருக்குத் தெரியும், அவன் அப்பாவையும் தெரியும். நகரத்துல தட்டுறவன் முகம் தெரியாதவன். குளிர்ல வேலை போயிருக்கும், கையில தகர டப்பா, வயித்துல பசி. வசதியானவங்களுக்கு அது பண்டிகையாத் தெரியலை, மிரட்டலாத் தெரிஞ்சது.

வரலாற்றாசிரியர் ஸ்டீபன் நிசன்பாம் 1996-ல் எழுதின புத்தகத்துல வைக்கும் வாதம் இதுதான்: இந்தப் பதற்றத்துல இருந்துதான் நமக்குத் தெரிஞ்ச கிறிஸ்துமஸ் உருவாச்சு. எனக்கு இந்த வாதம் ரொம்பச் சரியாப் படுது. ஏன்னு சொல்றேன்.

1823 டிசம்பர் 23. நியூயார்க் மாகாணத்துல டிராய்ங்கிற ஊர்ப் பத்திரிகையில, எழுதினவர் பேர் இல்லாம ஒரு கவிதை வருது. செயின்ட் நிக்கோலஸ் எட்டுக் கலைமான்கள் இழுக்கும் வண்டியில வந்து, புகைபோக்கி வழியா இறங்கி, பிள்ளைகளோட காலுறையில பரிசு போட்டுட்டுப் போகும் கதை. பின்னாடி இதை கிளெமென்ட் கிளார்க் மூர் தன்னோடதுன்னு சொன்னார், அதுல இன்னும் சர்ச்சை இருக்கு. மூர் மன்ஹாட்டன்ல பெரிய நிலச்சொந்தக்காரர்.

இப்போ பழைய விருந்தாளியையும் புது விருந்தாளியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பழையவர் வாசக்கதவைத் தட்டுவார், புதியவர் கதவுப் பக்கமே வர்றதில்லை. பழையவர் கேட்பார், புதியவர் கொடுப்பார். முன்னாடி வாங்கினவன் ஏழை. இப்போ வாங்குறது சொந்தப் பிள்ளை. கொடுக்கிற வழக்கம் அப்படியே இருக்கு, கொடுக்கிற திசை மட்டும் மாறிப்போச்சு.

அந்தக் கவிதையில வர்றவர் குட்டியான ஒரு குறும்புக்காரர். 1863-ல் தாமஸ் நாஸ்ட் என்கிற ஓவியர் ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகையில அவரை வரைய ஆரம்பிச்சார். உள்நாட்டுப் போர் சமயம் என்பதால முதல் படத்துல தாத்தா அமெரிக்கக் கொடி மாதிரி உடை போட்டு, வட மாகாணப் படைமுகாம்ல பரிசு கொடுத்துக்கிட்டு இருப்பார். "சிவப்பு உடை கோகோ கோலா கொடுத்தது"ன்னு வருஷா வருஷம் ஒரு ஃபார்வர்ட் வரும். கோகோ கோலாவுக்காக ஹேடன் சண்ட்பிளம் வரைய ஆரம்பிச்சது 1931-ல். சிவப்பு அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. அந்த முகத்தை உலகம் பூரா ஒட்டினது வேணா அவங்கதான்.

அடுத்து மரம். ஜெர்மன் பேசும் ஸ்ட்ராஸ்பர்க்ல 1605-லேயே வீட்டுக்குள்ள மரம் வச்சு, காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்டதாக் குறிப்பு இருக்கு. அது இங்கிலாந்துல வீடு வீடாப் பரவக் காரணம் ஒரு படம். 1848-ல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ், விக்டோரியா ராணியும் அவங்க ஜெர்மன் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோட மரத்தைச் சுத்தி நிற்கும் படத்தைப் போட்டது. 1850-ல் அமெரிக்காவோட கோடீஸ் லேடீஸ் புக் அதே படத்தை எடுத்து, ராணியோட கிரீடத்தையும் ஆல்பர்ட் மீசையையும் நீக்கிட்டு அச்சடிச்சது. அரச குடும்பம் ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பமா மாறிடுச்சு. ஃபோட்டோஷாப் வர்றதுக்கு 140 வருஷம் முன்னாடி! இந்தப் படத்துல கவனிக்க வேண்டியது: அப்பா, அம்மா, பிள்ளைகள், மரம். வெளி ஆள் முக்கியமில்லை.

கடைசியா 1843 டிசம்பர், லண்டன். ஹென்றி கோல் என்கிற அதிகாரிக்கு வாழ்த்துக் கடிதம் எழுத நேரமில்லை. ஜான் ஹார்ஸ்லி என்கிற ஓவியரை வரையச் சொல்லி, கார்டா அச்சடிக்கிறார். நாட்டுக்குள்ள எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னி என்கிற தபால் திட்டம் 1840-ல்தான் வந்திருந்தது, அதுக்கும் கோல் வேலை பார்த்தவர். கார்டோட விலை 1 ஷில்லிங், அதாவது 12 பென்னி. அனுப்புற செலவைப் போல 12 மடங்கு! அந்தக் கார்டுல நடுவில ஒரு குடும்பம் விருந்து சாப்பிடுது. ஏழைகளுக்குச் சாப்பாடும் துணியும் கொடுக்கும் காட்சிகள் ரெண்டு ஓரத்துல இருக்கு. தெருவுல நடுநாயகமா நின்னவங்க, கார்டுல ஓரத்துக்குப் போயிட்டாங்க.

அதே மாசம் 19-ம் தேதி, அதே லண்டன்ல சார்லஸ் டிக்கன்ஸோட 'எ கிறிஸ்துமஸ் கரோல்' வெளியாகுது. சுரங்கத்துலயும் தொழிற்சாலையிலயும் வேலை செய்யும் குழந்தைகள் பத்தின அரசு அறிக்கையைப் படிச்சு, முதல்ல ஒரு துண்டுப் பிரசுரம் எழுதலாம்னுதான் அவர் நினைச்சார். அப்புறம் கதையா எழுதினார். முதல் பதிப்பு 6,000 பிரதி, கிறிஸ்துமஸுக்குள்ள காலி. வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்ட பண்டிகையைப் பார்த்து, "வெளியே ஆள் நிக்குது"ன்னு ஒருத்தர் சொன்ன மாதிரிதான் எனக்கு அந்தப் புத்தகம் தெரியுது.

பழைய தெருக் கிறிஸ்துமஸ் திரும்ப வரணும்னு நான் சொல்ல வரலை. குடிச்சிட்டு வந்து யாராவது நம்ம கதவை உடைச்சா நமக்கும் பிடிக்காது. ஆனா "பாரம்பரியம்"னு நாம சொல்றதுல முக்கால்வாசி 200 வருஷம்கூட ஆகாதது. பத்திரிகை, தபால், அச்சு எந்திரம் வச்சு, சில பேர் தங்களோட தேவைக்கு அமைச்சது. அப்படின்னா இதுல எதை வச்சுக்கணும், எதை மாத்தணும்னு முடிவு பண்ணும் உரிமை நமக்கும் இருக்கு.

நம்ம ஊர்ல இன்னும் சர்ச் ஆட்கள் ராத்திரி வீடு வீடாப் போய்க் கேரல் பாடுறாங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கேக்கும் பிரியாணியும் எதிர்வீட்டுக்குப் போகுது. இந்த வருஷம் அந்தத் தட்டு, பண்டிகை நாளிலும் வாசல்ல டியூட்டி பார்க்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் போகட்டும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.