கோயிலும் பகோடா, காசும் பகோடா



ஜூபிலி ஆண்டு என்று வந்துவிட்டால் பழைய ஏடுகளைத் தூசி தட்டிப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் பிறக்கிறது. பாட்டனார் காலத்துப் பத்திரங்கள், கும்பினியார் காலத்துக் கடித நகல்கள், ஐரோப்பிய வேதபோதகர் எழுதிய நூல்கள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறோம். செங்கற்பட்டுச் சீமையையும் மாமல்லபுரக் கடற்கரையையும் பற்றிய அத்தகைய ஆங்கில ஏடுகளில், வாசிப்பவரை முதலில் இடறச் செய்யும் சொல் ஒன்று உண்டு. "பகோடா" என்பதே அச்சொல். நம் கடைத்தெருவில் பொட்டலம் கட்டித் தரும் பக்கோடாவுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைப் பற்றிப் பேசப் போனால் பிள்ளைகள் சிரிக்காமல் இருப்பதில்லை!

இன்றைய ஆங்கில அகராதியைத் திறந்தால், பகோடா என்பதற்குப் பர்மா, சீனம், ஜப்பான் முதலிய நாடுகளில் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் புத்தர் கோயில் என்று பொருள் காண்போம். இரங்கூனில் வாழ்ந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் ஷ்வேடகோன் பகோடாவைப் பற்றிக் கதைகதையாகச் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். ஆனால் முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் நம் கரைக்கு வந்த ஐரோப்பியர் வாயில் அச்சொல் வேறு விதமாகப் புழங்கியது. கோயிலும் பகோடா, கோயிலுக்குள் இருக்கும் திருவுருவமும் பகோடா, அவர்கள் மடியில் முடிந்து வைத்த பொற்காசும் பகோடா!

இச்சொல்லை முதலில் வழங்கியவர்கள் போர்த்துக்கீசியர். அவர்கள் மொழியில் "பகோத்". பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்களுடைய எழுத்துக்களில் இது காணப்படுகிறது. எங்கிருந்து பிடித்தார்கள் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. பாரசீகத்தில் விக்கிரகம் இருக்கும் வீட்டைக் குறிக்கும் "புத்கதா" என்ற சொல்லின் திரிபு என்பார் ஒரு சாரார். "பகவதி", "பகவத்" என்பதன் சிதைவு என்பார் மற்றொரு சாரார். சிங்களத்தில் தாதுகோபத்தைக் குறிக்கும் "தாகப" என்ற சொல் தலைகீழாகப் புரண்டது என்பாரும் உளர். யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளியிட்ட "ஹாப்சன்-ஜாப்சன்" என்ற பேரகராதியில் இந்த வழக்கு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. பகவதி என்பார் கட்சியே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

புனித சவேரியாரும் இச்சொல்லைக் கையாண்டார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், முத்துக்குளித்துறைப் பக்கத்துக் கோயில்களை அவர் பகோடா என்றே குறிப்பிடுகிறார். அன்றைய ஐரோப்பியர் எவரும் எழுதக்கூடியதைத்தான் அவரும் எழுதினார். ஆயினும் அந்தச் சொல்லில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தன் ஆலயத்துக்கு ஒரு சொல், அயலான் ஆலயத்துக்கு வேறொரு சொல், அதிலும் கோயிலையும் திருவுருவத்தையும் வேறுபடுத்திக் காணக்கூடப் பொறுமையற்ற சொல்! போர்த்துக்கீசிய மொழியில் இது பின்னும் இறங்கி, கூத்துக் கும்மாளம் என்ற பொருளையும் பெற்றது. திருவிழாவின் ஆரவாரத்தை மட்டும் கண்டவர்களுக்கு அவ்வாறு தோன்றியிருக்கலாம். பிரேசில் நாட்டில் இன்று ஒருவகைச் சம்பா இசைக்கே "பகோஜி" என்று பெயர்.

தமிழில் அப்படி நேரவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி, நம் ஆலயத்தையும் "கோயில்" என்றே சொல்லலாம் என்று கண்டார். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. அரசருக்கரசரின் வீட்டுக்கு வேறு பெயர் எதற்கு? குரு, பூசை, வேதம் ஆகிய சொற்களும் அவ்வழியே நம் ஞான வாழ்வில் வேரூன்றின. பூசைக்குப் பதிலாகத் திருப்பலி என்று இன்று சொல்லப் பழகிவிட்டோம்; ஆனால் "கோயிலுக்குப் போகிறோம்" என்று சொல்வதை நாம் விடவில்லை. பகோடா என்று எழுதிய கையும் கோயில் என்று எழுதிய கையும் ஒரே சபையைச் சேர்ந்த இரு குருக்களின் கைகள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிற்க. மாமல்லபுரத்துக்கு வருவோம். ஆழ்வார்கள் கடன்மல்லை என்று பாடிய இவ்வூருக்கு ஐரோப்பிய மாலுமிகள் இட்ட பெயர் "ஏழு பகோடா". பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற வெனிஸ் நகர இரத்தின வணிகர் காஸ்பரோ பால்பியின் பயண நூலிலேயே அப்பெயர் உண்டு. மாலுமிக்கு வேண்டியது கரையின் அடையாளம். கடலிலிருந்து பார்க்கும்போது எதை எதையெல்லாம் எண்ணி ஏழாக்கினார்கள் என்பதில் இன்றுவரை வாதம் ஓயவில்லை. இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயில் ஒன்று. ஐந்து இரதங்கள் உண்டு. பாறையின் உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்காகவே பயன்பட்ட ஒலக்கண்ணீசுவரர் கோயிலும் உண்டு. கூட்டினால் ஏழு வருகிறது என்பார் சிலர். இல்லை, ஆறு கோயில்களைக் கடல் கொண்டது, மிஞ்சியது ஒன்றே என்பது கரையோர மக்களின் செவிவழிக் கதை.

வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772-லும் 1776-லும் இங்கு வந்து பார்த்து எழுதிய கட்டுரை, 1788-இல் "ஆசிய ஆராய்ச்சிகள்" என்ற தொகுதியில் அச்சேறியது. கடலுக்குள் செப்புத் தகடு வேய்ந்த கோபுர உச்சிகள் சூரிய உதயத்தில் மின்னியதைத் தம் ஊர் முதியவர்கள் கண்டதுண்டு என்று உள்ளூரார் சொன்னதை அவர் பதிவு செய்கிறார். 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் நீருக்குள் இறங்கித் தேடியபோது, கட்டடப் பகுதிகள் போன்ற கற்குவியல்களைக் கண்டார்கள். பின்னர் 2004 டிசம்பர் 26. கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் அன்று விழுந்த இழவு இன்னும் ஆறவில்லை. அந்த நாளை ஆராய்ச்சிக்கு உதவிய நாள் என்று எழுத என் கை கூசுகிறது. ஆயினும் அலை மணலை அரித்துச் சென்றபின், சாளுவன்குப்பத்தில் புதையுண்டிருந்த முருகன் கோயில் ஒன்றைத் தொல்லியல் துறையினர் 2005-இல் அகழ்ந்தெடுத்தனர் என்பது வரலாறு. கடலில் ஆறு கோயில்கள் இருந்தன என்பதற்கு இது சான்றாகாது. கரையில் மறைந்தது ஒன்றேனும் உண்டு என்பதற்குச் சான்று.

இனிக் காசுக்கு வருவோம். வராக முத்திரை பொறித்து வழங்கிய பொன் நாணயத்தை நம்மவர் வராகன் என்றார்கள். அதில் தெய்வ உருவத்தைக் கண்ட ஐரோப்பியர் அதையும் பகோடா என்றார்கள். வேடிக்கை யாதெனில், கோயிலை இளக்காரமாகப் பேசியவர்களும் இந்தப் பொன்னை இளக்காரமாகப் பேசவில்லை! டச்சுக்காரர் பழவேற்காட்டில் அதை அச்சடித்தார்கள். ஆங்கிலேயர் சென்னைக் கோட்டையில் அச்சடித்தார்கள். வேங்கடவரும் இரு தேவியரும் நிற்கும் "மூன்று சுவாமி" வராகன், ஒரு பக்கம் திருமாலும் மறுபக்கம் விண்மீனும் உள்ள "நட்சத்திர" வராகன் எனப் பல வகை. நட்சத்திர வராகன் சட்டைப் பொத்தானிலும் சிறியது. எடை ஏறக்குறைய மூன்றரை கிராம். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது கும்பினியார் கணக்கு. பின்னர் 1807-ஐ ஒட்டி, அரை, கால் வராகன் மதிப்புக்கு வெள்ளி நாணயம் வெளியிட்டார்கள். அதன் ஒரு பக்கத்தில் விண்மீன்கள் சூழ்ந்த கோயில் கோபுரம்! தமிழ், தெலுங்கு, பாரசீகம், ஆங்கிலம் என நான்கு மொழி எழுத்தும் அதில் உண்டு. பகோடா என்ற நாணயத்தின் மேலேயே பகோடா ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கே ஒரு சிறு விலகல். "கேஷ்" என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். பாதி உண்மை. பழைய கணக்கேடுகளில் வரும் சிறு செப்புக்காசின் பெயரான கேஷ் நம் காசுதான். ஆனால் ரொக்கப் பணம் என்ற பொருளில் வரும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. உருவில் ஒன்று, பிறப்பில் இரண்டு. பெருமை பேசுவதிலும் ஒரு நேர்மை வேண்டுமல்லவா?

இந்தப் பொன் எங்கிருந்து வந்தது? "பகோடா மரத்தை உலுக்குதல்" என்று இங்கிலாந்தில் ஒரு பரிகாசப் பேச்சு வழங்கியது. இந்தியாவுக்குக் கப்பலேறினால் மரத்தை உலுக்கிக் காசு பொறுக்கலாம் என்பது பொருள். அந்த மரத்தின் வேர் நம் செங்கற்பட்டு நஞ்சையில்தான் இருந்தது. 1752-இல் கிளைவ் கோவளத்தையும் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி இச்சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நவாபு ஆங்கிலேயரிடம் பட்ட கடனுக்கு வட்டிமேல் வட்டி, வராகன் கணக்கில் ஏறியது. குடியானவன் களத்து நெல்லே கடைசியில் அதைச் சுமந்தது. 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் ஊர்கள் பாழாயின. 1785-இல் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க் நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய உரை இக்கொள்ளையைச் சந்திக்கு இழுத்தது. கடன்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

இரு பகோடாக்களும் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் மதுராந்தகம். 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, ஏரிக்கரை உடையாமல் காத்ததற்கு நன்றியாக அங்குள்ள இராமர் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் என்பது அவ்வூர் வரலாறு. அவர் பெயர் தாங்கிய கல்வெட்டும் அங்கே உண்டு. மழை இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதை அவர் கண்டார் என்று ஊரார் சொல்வர். வரி வராகனை வசூலித்த கை கோயிலுக்கும் வராகன் கொடுத்தது.

நம் திருச்சபை வரலாற்றிலும் வராகன் ஓசை கேட்கிறது. பரங்கிமலைப் படிகளை அமைத்த ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான், 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்ட 30,000 பகோடா செலவிட்டு, பராமரிப்புக்கென 1,500 பகோடாவும் வைத்தார். இதை இன்றைய அகராதியை மட்டும் கையில் வைத்து வாசிப்பவர் 30,000 கோயில் என்று மயங்கக்கூடும்! அந்தப் பாலம் நின்ற இடத்தில்தான் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. 1808-இல் ஜான் டி மான்டி என்ற வணிகர் கோவளத்தில் கார்மேல் மாதா கோயிலை எழுப்பியபோதும் சென்னை மாகாணத்துக் கணக்கு வராகனில்தான் ஓடியது. சுவாமி உருவம் பொறித்த பொன்னைக் கொண்டே அந்நாளில் கொத்தனுக்கும் தச்சனுக்கும் கூலி கொடுத்து நம் ஆலயங்கள் எழும்பின. இதை மாற்றான் காசு என்று எவரும் தள்ளியதாகத் தெரியவில்லை.

1818-இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே தலைமை நாணயம் என்று கும்பினியார் முடிவு செய்தனர். நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதம் வைத்தனர். வராகன் அன்றோடு வழக்கொழியத் தொடங்கியது. ஆங்கிலத்தில் பகோடாவின் காசுப் பொருளும் அதனோடு மறைந்தது. நம் கோயில்களைக் குறிக்கும் பொருளும் மெல்லத் தேய, புத்தர் கோபுரம் என்ற பொருள் மட்டும் நிலைத்தது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனார் காலத்துப் பத்திரமோ காணிக்கைச் சீட்டோ இருந்து, அதில் வராகன் என்றோ பகோடா என்றோ தொகை கண்டிருந்தால், செல்லரித்த தாள் என்று எறிந்துவிடாமல் பங்கு இல்லத்துக்குக் கொண்டு வந்து காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். தொகையை ரூபாயில் அறிய விரும்பினால் மூன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.